சுரீர், காந்தல், குடைச்சல்

அம்மா பீடி சுற்றினாள். தென்காசியில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டுப் பெண்களுக்கும் அதுதான் வேலை. காலையில் இலையை நனைத்து வைக்க வேண்டும். பிறகு தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்க வேண்டும். மடியில் பீடித் தட்டு, குனிந்த கழுத்து, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. சாயங்காலம் கடையில் கணக்குக் கொடுத்துவிட்டு வந்து சுவரில் சாய்வாள். அந்த நேரத்தில் அவள் வாயிலிருந்து வந்த சொற்கள்தான் என் தொழிலின் முதல் பாடம் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு விளங்கியது.

தோள் கடுக்கி என்பாள். கழுத்து பிடிச்சிருக்கு என்பாள். இடுப்பு ஒளையுது, நகக்கண் தெறிக்கி, இலை கிழிச்ச விரல் காந்துது. ‘வலிக்கிறது’ என்று பொதுவாக அவள் சொல்லிக் கேட்ட நினைவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம். கடுப்புக்கு எண்ணெய். பிடிப்புக்கு வெந்நீர் ஒத்தடம். காந்தலுக்குத் தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைத்து ஊதிக்கொள்வாள். இடுப்பு உளைச்சலுக்கு நான். குப்புறப் படுத்துக்கொண்டு, “ஏல, ஏறி மிதி” என்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகில் நடப்பேன்.

ஆனியில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் குற்றாலம். பேரருவியில் பெண்கள் பக்கம் ஆச்சியோடு போய் நிற்பாள். தோளிலும் பிடரியிலும் தண்ணீர் அறைய, அரை மணி நேரம் நின்றுவிட்டு, உதடு நீலம் பாரித்து வெளியே வருவாள். “பாரத்தை எறக்கி வச்சாப்ல இருக்குல” என்பாள். அன்றிரவு கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார மாட்டாள். பத்து வயதில் எனக்கு அது புதிராக இருந்தது. தண்ணீர் தோளை அடிக்கத்தானே செய்கிறது? அடி வாங்கிய தோளில் கடுப்பு எப்படிக் குறையும்? ஆச்சியைக் கேட்டேன். மலை மூலிகையெல்லாம் கரைந்து வருகிற தண்ணீர், அதுதான் என்றாள். அந்தக் கேள்வியோடுதான் முப்பத்தைந்து ஆண்டு நரம்புகளைப் படித்தேன்.

திருநெல்வேலியில் விலங்கியல் பட்டம், மதுரையில் எம்.எஸ்சி., பெங்களூரில் ஆய்வு, வெளிநாட்டில் சில ஆண்டு, பிறகு சென்னையில் பேராசிரியர் வேலை. பாதை இவ்வளவுதான். நரம்பின் பக்கம் என்னைத் திருப்பியது மதுரையில் என் ஆசிரியர் சொன்ன ஒரு பெயர்: ஏ. எஸ். பெயிண்டல். ஒற்றை நரம்பிழையைத் தனியே பிரித்து, அது அனுப்பும் மின்துடிப்பைப் பதிவுசெய்வதில் உலகம் மதித்த கை அவருடையது. நுரையீரலில் உள்ள ‘ஜே’ உணர்விகளைக் கண்டறிந்தவர். 1981இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனவர். டெல்லியில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியும் என்றால் நாமும் செய்யலாம் என்ற தைரியத்தை எங்கள் தலைமுறைக்குக் கொடுத்தவர் அவர்.

பெங்களூரில் முதன்முதலாக ஓர் இழையைப் பிரித்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. மயக்கத்தில் இருக்கும் எலியின் தொடை நரம்பு, உலர்ந்துவிடாமல் திரவப் பாரஃபின் எண்ணெயில் மூழ்கியிருந்தது. நுண்ணோக்கியின் கீழ், கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருப்பது போன்ற மெல்லிய இடுக்கியால் நரம்பை நார்நாராகக் கிழித்தேன். மூச்சு விட்டால் இடுக்கியின் முனை ஆடும். கடைசி நாரை வெள்ளிக் கம்பியின் மேல் தூக்கிப் போட்டதும் ஒலிபெருக்கியில் மழைச் சத்தம் போல ஓர் இரைச்சல். எலியின் பாதத்தை ஒரு தூரிகையால் தடவினேன், ஒன்றுமில்லை. இடுக்கியால் மெதுவாகக் கிள்ளினேன். டக், டக், டக். தொடுவதைக் கண்டுகொள்ளாமல் கிள்ளுவதை மட்டும் சொல்கிற ஓர் இழை. வலிக்கென்றே தனி இழைகள் உண்டு என்பதை 1960களில் எட்வர்ட் பெர்ல் போன்றவர்கள் நிறுவியிருந்தார்கள். புத்தகத்தில் படித்திருந்தேன். காதால் கேட்டபோது கை நடுங்கியது.

இந்த இழைகளில் இரண்டு வகை. மெல்லிய கொழுப்புறை போர்த்தியவை ‘ஏ டெல்டா’. நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் சேதி கொண்டுபோகும். உறையே இல்லாதவை ‘சி’. நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர்தான் அவற்றின் வேகம். வாசற்படியில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டால் உடனே ‘சுரீர்’ என்று ஒன்று வரும். சட்டென்று காலை இழுத்துக்கொள்வோம். ஒரு நொடி ஆகும். பிறகு இரண்டாவது வந்து சேரும். அது எரிவது போல, பரவுவது போல, விட மாட்டேன் என்பது போல இருக்கும். காலிலிருந்து தண்டுவடம் வரை சுமார் ஒரு மீட்டர் தூரம். அந்த ஒரு நொடி, ‘சி’ இழை நடந்துவந்த நேரம்.

இதை வகுப்பில் நடத்தும்போது, இரண்டாவது வலிக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்பேன். “காந்தும் சார்” என்று பின்வரிசையிலிருந்து தெற்கத்திப் பையன் ஒருவன் சொல்வான். சுரீர் என்பது ஏ டெல்டா, காந்தல் என்பது சி என்று கரும்பலகையில் எழுதுவேன். நரம்பிழைகளை அவற்றின் வேகத்தை வைத்துப் பிரித்துக் காட்டிய எர்லாங்கருக்கும் காஸருக்கும் 1944இல் நோபல் பரிசு கிடைத்தது. பீடி சுற்றும் பெண்களின் பேச்சில் அந்தப் பிரிவு முன்பே இருந்தது.

அருவிக் கேள்விக்கு விடை 1965இல் வந்த ஒரு கட்டுரையில் இருந்தது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. அதைப் படித்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தது பொங்குமாங்கடல்தான்.

பேரருவியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலிருந்து வரும் தண்ணீர் நேராக ஆள் மேல் விழுவதில்லை. நடுப்பாறையில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான குழி இருக்கிறது. முழு வேகமும் அதில் இறங்கும். அங்கே சுழன்று, பொங்கி, தணிந்துதான் கீழே வழியும். அந்தக் குழி இல்லையென்றால் பேரருவியின் அடியில் ஒருவரும் நிற்க முடியாது. வலிச் சேதியும் அப்படித்தான். காலிலிருந்தோ தோளிலிருந்தோ புறப்பட்டது நேரே மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தின் பின்கொம்பு என்ற பகுதியில் முதலில் இறங்குகிறது. எவ்வளவு மேலே போகலாம் என்பது அங்கே முடிவாகிறது. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுவரும் தடித்த இழைகளும் அதே இடத்துக்குத்தான் வருகின்றன. அவை மும்முரமாக இருந்தால், இடையில் உள்ள சிறு நரம்பணுக்கள் வலியின் வழியை நெருக்கிவிடுகின்றன. மூளையும் மேலிருந்து ஆணை அனுப்பி அந்த வழியைக் குறுக்கும். இதற்குக் கதவுக் கொள்கை என்று பெயர். அதன் உள்வரைபடத்தில் பிற்பாடு பல திருத்தங்கள் வந்தன, அடிப்படை நிலைத்துவிட்டது.

அடிபட்ட இடத்தைக் கை தானாகத் தேய்ப்பது இதனால்தான். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உள்ளங்கையால் செய்வதும் இதுதான். அம்மாவின் தோளில் அருவி லட்சம் விரல்களாக விழுந்து தடித்த இழைகளையெல்லாம் எழுப்பிவிட்டது. கடுப்பின் வழி நெருங்கியது. வீட்டையும் பீடித் தட்டையும் மறந்து ஆச்சியோடு சிரித்துக்கொண்டு நின்ற அந்த அரை மணி நேரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

வெள்ளம் வந்தால் கதை வேறு. தண்ணீர் பேரருவியின் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். பொங்குமாங்கடலால் தாங்க முடியாத வரத்து அது. தண்டுவடத்திலும் அப்படி ஒரு நிலை உண்டு. காயத்திலிருந்து சேதி ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் பின்கொம்பின் நரம்பணுக்கள் தாமே முறுக்கேறிவிடுகின்றன. 1983இல் கிளிஃபர்ட் உல்ஃப் இதைக் காட்டினார். அதன் பிறகு சிறு தூண்டலுக்கும் பெரிய வலி. மெதுவாகத் தொட்டாலும் வலி. காயம் ஆறிப்போயிருக்கும், வலி மட்டும் இருக்கும். ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு, சும்மா சொல்லுதா’ என்று வீட்டில் ஏச்சு வாங்கும் எத்தனையோ பெண்களுக்கு உண்மையிலேயே அந்த முறுக்கு இறங்கவில்லை.

மிளகாய்க்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் காந்தாரி மிளகாய்ச் செடி ஒன்று இருந்தது. கிளிகள் வந்து பழத்தைக் கொத்தித் தின்றுவிட்டுக் கூசாமல் பறந்துபோகும். ஒருநாள் அதே பழத்தைக் கடித்துவிட்டு நான் தெருவையே கூட்டினேன். நாக்கில் நெருப்பு வைத்தது போல எரிந்தது. எரிந்தது என்றுதான் தமிழில் சொல்கிறோம். தீ பட்டாலும் எரிச்சல், மிளகாய் பட்டாலும் எரிச்சல்.

1997இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை உணரும் புரதத்தை அவர்கள் பிடித்துவிட்டார்கள். இப்போது அதற்கு டிஆர்பிவி1 என்று பெயர். அதே புரதம் சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டுக்கும் திறந்துகொள்கிறது. நாக்கு பொய் சொல்லவில்லை; சூட்டுக்கும் காரத்துக்கும் வாசல் ஒன்றே. பறவைகளிடம் உள்ள புரதத்தின் வடிவம் சற்றே வேறு. கேப்சைசின் அதில் ஏறாது. விதையை மெல்லாமல் கொண்டுபோய்த் தூவும் பறவைகளுக்கு மிளகாய் விருந்து வைக்கிறது. இந்த வேலைக்காக ஜூலியஸுக்கும், தொடு உணர்வின் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கும் 2021இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சென்னையில் என் ஆய்வகத்தில் அந்தச் சோதனையை ஆண்டுதோறும் புது மாணவர்களுக்குச் செய்து காட்டுவேன். எலியின் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலிருந்து எடுத்த அணுக்கள் கண்ணாடித் தட்டில் இருக்கும். கால்சியம் உள்ளே வந்தால் ஒளி மாறும் சாயத்தை அவற்றில் ஏற்றியிருப்போம். திரையில் எல்லாம் நீலப் புள்ளிகள். கேப்சைசின் ஒரு சொட்டு விடுவோம். பெரிய அணுக்கள் நீலமாகவே இருக்கும். சிறியவற்றில் சில மட்டும் பச்சையாகி, மஞ்சளாகி, சிவந்து நிற்கும். அவைதான் காந்தலைச் சொல்லும் அணுக்கள். திரையின் முன் மாணவர்கள் பேச்சற்று நிற்பார்கள். எனக்குக் கொல்லையும் கிளியும் கண்ணில் வரும்.

எலிகளைப் பற்றிச் சொல்லாமல் போவது நேர்மை ஆகாது. வலியைப் படிக்கிறவன் வலியைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. 55 டிகிரி தட்டில் எலியை வைத்து, அது பாதத்தை நக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்போம். இத்தனை நொடிக்கு மேல் வைக்கக் கூடாது என்று வரம்பு உண்டு. எந்தச் சோதனைக்கும் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்; எத்தனை எலி, ஏன் அத்தனை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளைத் தொல்லை என்று நினைத்த சக ஆய்வாளர்கள் உண்டு. நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. 2010இல் ஜெஃப்ரி மோகிலின் குழு சுண்டெலிகளின் முகத்தைப் படித்து ஓர் அளவுகோல் வெளியிட்டது. வலியில் இருக்கும் எலிக்குக் கண் இடுங்கும், மூக்கும் கன்னமும் புடைக்கும், காது பின்னால் போகும், மீசை விறைக்கும். வாயில்லாத உயிரிடம் வலியைக் கேட்க ஒரு வழி கிடைத்துவிட்டது. அந்தப் படங்களை அச்செடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டினேன். வலி தெரிந்தால் உடனே மருந்து கொடுங்கள் என்று கீழே எழுதினேன்.

வலியே இல்லாவிட்டால் நல்லதுதானே என்று கேட்கிறவர்களுக்கு வேலூர்க் கதையைச் சொல்வேன். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை மருத்துவராக வந்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் தவித்தார். தொழுநோய் கண்ட சிறுவன் ஒருவன், நான் திறக்கிறேன் என்று சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. பார்த்தால் சாவி அறுத்து விரலில் எலும்பு தெரிகிறது. பையனுக்குத் தெரியவே இல்லை. தொழுநோய் விரல்களை அழுகச் செய்து உதிர்க்கிறது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். கிருமி செய்வது நரம்பைக் கெடுப்பது. உடல் குளிர்ந்திருக்கும் கை, கால், மூக்குப் பக்கத்து நரம்புகளையே அது நாடும். பிறகு சூட்டுப் பாத்திரமும் ஆணியும் இரவில் கடிக்கும் எலியும் மற்றதை முடித்துவிடுகின்றன. இந்த உண்மையை நோயாளிகளோடு கூடவே இருந்து கண்டு சொன்னவர் பிராண்ட். பின்னாளில் அமெரிக்காவில், உணர்வற்ற கைகளுக்குச் செயற்கையாக வலியைத் தரும் கருவியைச் செய்து பார்த்தார். வலித்ததும் நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டார்கள். அணைக்க முடியாததாக இருப்பதில்தான் வலியின் பயன் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். 1993இல் எழுதிய நூலில் வலியை யாரும் விரும்பாத பரிசு என்றார்.

பாதப் புண் வராமல் காக்க அவரும் அவர் சகாக்களும் மென்ரப்பரில் உருவாக்கிய எம்.சி.ஆர். செருப்பை இன்று தென்காசிக் கடைகளில் சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குகிறார்கள். சர்க்கரை முதலில் பிடிப்பது உடம்பிலேயே நீளமான இழைகளை. அதனால் பாதம்தான் முதலில் போகும்.

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழையும் ஒரு சர்க்கரை நோயாளியிடம்தான். பதினைந்து ஆண்டுக்கு முன் ஒரு மருத்துவமனையில் நரம்புச் சிதைவு வலி பற்றிய ஆய்வு. பூச்சியம் முதல் பத்து வரை வலிக்கு எண் போடும் படிவம். எங்கள் பக்கத்துப் பாட்டி ஒருவர் எதிரே உட்கார்ந்தார். ஊர்க்காரன் என்றதும் முகம் மலர்ந்தார். பத்துக்கு எத்தனை என்றேன்.

“பகல்ல ஒண்ணுமில்ல ராசா. ராத்திரி படுத்தா பாதம் ரெண்டும் காந்துது. மேல போர்வை பட்டாலே சுள்ளுங்குது. ஆனா தரையில நடந்தா பஞ்சு மேல நடக்காப்ல இருக்கு.”

எண் சொல்லுங்கம்மா என்றேன். மறுபடி கேட்டேன். “நீயே ஒண்ணு போட்டுக்க, ஐயா” என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான்கு என்று போட்டேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அன்றிரவு ரயிலில் படுத்திருந்தபோதுதான் அவர் சொன்னது உறைத்தது. காந்துது: சி இழைகள் தாமாகத் துடிக்கின்றன. போர்வை பட்டாலே சுள்: தொடுதலின் சேதி தண்டுவடத்தில் வலியின் வழியில் ஏறிவிட்டது. பஞ்சு மேல் நடப்பது: தடித்த இழைகள் செத்துக்கொண்டிருக்கின்றன. மூன்று வாக்கியத்தில் முழு நோயறிக்கையை என் கையில் கொடுத்திருந்தார். அதை வாங்கிக்கொள்ள என் படிவத்தில் இடமில்லை. பாதத்தில் உணர்வு போய்விட்டது, செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்றுகூட அவருக்கு நான் சொல்லவில்லை. மறுவாரம் தேடிப் போனேன். அவர் திரும்ப வரவில்லை.

அந்த ஆய்வை நிறுத்திவிட்டு மெல்சாக்கின் பழைய வேலையை எடுத்துப் படித்தேன். இளவயதில் அவர், சர்க்கரை நோயால் காலை இழந்த ஒரு மூதாட்டியின் பேச்சைக் கேட்டு வலிச் சொற்களைக் குறிக்கத் தொடங்கினார். 1975இல் வெளியிட்ட மெக்கில் வினாப்பட்டியலில் 78 சொற்கள், 20 தொகுதிகள். நானும் ஒரு நோட்டுப் போட்டேன். குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், இசிவு, தெறிப்பு, மதமதப்பு, சுண்டி இழுப்பது, விண்விண் என்பது, பிய்த்துப் போடுவது, நோவு, வாதை. சொன்னவருக்கு என்ன நோய், எந்த நேரத்தில், எதைத் தொட்டால் என்று பக்கத்திலேயே எழுதினேன். இது ஆய்வா, அகராதி வேலையா என்று கேட்டு நிதி தர மறுத்தார்கள். கைக்காசில் செய்தேன். என் மாணவர்கள் இருவர் அந்த நோட்டிலிருந்து வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். நான் எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றையும்விட அதையே பெரிதாக நினைக்கிறேன்.

வலித் துறையில் பெரிய நகர்வுகள் பல, ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்பியதால் நடந்தவை. இல்லாத கையின் நகம் உள்ளங்கையில் பதிந்து வலிக்கிறது என்று கை இழந்தவர்கள் சொன்னபோது, சென்னை ஸ்டான்லியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். 1990களில் கலிஃபோர்னியாவில் ஒரு கண்ணாடியைச் செங்குத்தாக வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். இருக்கிற கையை விரித்தபோது இல்லாத விரல்களும் விரிந்ததாகச் சிலர் சொன்னார்கள். வலியே தெரியாமல் தெருவில் கத்தியைக் கையில் செருகி வித்தை காட்டிய வட பாகிஸ்தான் சிறுவன் ஒருவன், பதினான்கு வயது நிறையும் முன் கூரையிலிருந்து குதித்து இறந்தான். அவன் சொந்தங்களின் மரபணுவைப் படித்ததில், வலி இழைகளில் உள்ள ஒரு சோடிய வாயில் அவர்களுக்கு வேலை செய்யவில்லை என்று 2006இல் தெரியவந்தது. அந்த வாயிலின் உறவினமான இன்னொன்றை அடைக்கும் மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி தந்திருக்கிறது. உடல் வலிக்கு மருந்து தேடும் வேலை நகர்கிறது.

ஆனாலும் வலியை அளக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சேர்த்தது. சொல்ல முடியாததால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதும் அதில் இருக்கிறது.

இரண்டாவது வாக்கியத்தை அம்மாவிடம் படித்தேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த வருடம் அவளுக்குப் பக்கவாதம். வலப்பக்கத்தோடு பேச்சும் போயிற்று. ஊரில் வலிக்கு அத்தனை பெயர் தெரிந்தவளிடம் ஒரு பெயரும் மிச்சமில்லை. புரட்டிப் படுக்க வைக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். ஆய்வகச் சுவரில் நான் ஒட்டிய படங்கள் அப்படியே வந்து நின்றன. கண் இடுங்கியது, மூக்கோரம் மடிந்தது, புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடு. வலது தோளைத் தூக்கினால்தான் அது வருகிறது. இடுப்பைப் புரட்டினால் இல்லை. கடுப்பு, என்று நானே பெயர் வைத்தேன்.

நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, உள்ளங்கையில் ஊற்றி, தோளிலிருந்து முழங்கை வரை நிதானமாகத் தேய்த்தேன். வெளியே சாரல். கொஞ்ச நேரத்தில் ஒரு கோடு மறைந்தது. இன்னும் தேய்த்தேன். இரண்டாவதும் போயிற்று, இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. கை துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து, தேதியைப் போட்டு, மாலை ஆறு நாற்பது, வலது தோள், எண்ணெய், பதினைந்து நிமிடம் என்று எழுதி வைத்தேன்.